தாகம், அடிக்கடி யூரின் வரும் வரை காத்திருக்க வேண்டாம்: சர்க்கரை நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

அடிக்கடி தாகம், அடிக்கடி யூரின், திடீரென எடை குறைவது. சர்க்கரை நோயின் அறிகுறி என்னன்னு யாரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் சொல்லிவிடுவார்கள். சொல்வது சரிதான். ஆனால் இவற்றை 'ஆரம்ப அறிகுறி' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்வதுதான் சிக்கல். பெரும்பாலானவர்களுக்கு இவை தெரியும்போது நோய் வந்து நாளாகியிருக்கும்.

ஏன் அப்படி? ரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகம், அதிலுள்ள சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான், சமாளிக்க முடியாமல் சிறுநீரில் விட ஆரம்பிக்கும். போகும் சர்க்கரை தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி யூரின், அதனால்தான் தாகம். ஆனால் வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே மருத்துவக் கணக்கில் அது சர்க்கரை நோய். 130, 140 என்று இருப்பவர் ஒரு தொந்தரவும் தெரியாமல் வருடக்கணக்கில் ஆபீஸ் போய் வரலாம்.

இதற்கும் முந்தைய கட்டம்தான் ப்ரீ-டயாபடிஸ். நம் வீடுகளில் 'பார்டர் சுகர்' என்பார்கள். ஐசிஎம்ஆர் நிதியுதவியுடன் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடி பேர் இந்த பார்டரில் நிற்கிறார்கள்.

அப்போ உடம்பு எதையுமே காட்டாதா?

சிலருக்குக் காட்டும். முக்கியமானது கழுத்து. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி ஆவது. அழுக்குன்னு நினைத்து எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பவர்களும், பார்லரில் 'டேன் ரிமூவல்' செய்பவர்களும் நிறைய பேர். உண்மையில் பல நேரங்களில், இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதன் அடையாளம் அது. சர்க்கரை அளவு ஏறும் முன்பே இது வரலாம். பிசிஓஎஸ் இருக்கும் பெண்களும், கர்ப்ப காலத்தில் சுகர் வந்து பிரசவத்துக்குப் பிறகு சரியானவர்களும் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று, ஆறாத புண், மங்கலான பார்வை எல்லாம் பெரும்பாலும் சர்க்கரை ஏறிய பிறகு வருபவை.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. குழந்தைகள், டீன் ஏஜ் பிள்ளைகள், இளைஞர்களுக்கு டைப்-1 சர்க்கரை நோய் சில வாரங்களிலேயே தீவிரமாகலாம். கடும் தாகம், வேகமாக எடை இறங்குவது, இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'நான் ஒல்லிதானே?'

2004-ல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் உடம்பையே உதாரணமாகக் காட்டினார்கள். ஒருவர் புனேவின் யாஜ்னிக், இன்னொருவர் பிரிட்டனின் யூட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஸ்கேன் செய்து பார்த்தால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! கை கால் மெலிந்து, வயிறு மட்டும் லேசாக முன்னால் வந்திருக்கும் நம்ம ஊர் உடல்வாகுக்கு எடை மெஷின் சொல்வது பாதி உண்மைதான். டேப்பை எடுப்பது நல்லது.

சென்னை ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்திய டயாபடிஸ் ரிஸ்க் ஸ்கோர் இதைத்தான் செய்கிறது. மொத்தமே நாலு கேள்வி, ரத்தம் எடுக்க வேண்டாம்.

வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ஐத் தொட்டால் 30. இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருந்தால் 0, 90 முதல் 99 வரை 10, 100-ஐத் தொட்டால் 20. பெண்களுக்கு இதே கணக்கு 80, 90 என்று மாறும். உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. உடலுழைப்பு, உடற்பயிற்சி இரண்டில் ஒன்று இருந்தால் 20. இரண்டும் இருந்தால் 0. பெற்றோரில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் ஹை ரிஸ்க். 30 முதல் 50 வரை நடுத்தரம்.

(பேண்ட் சைஸ் கணக்கில் வராது. அதைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைக்க வேண்டும், மூச்சை உள்ளே இழுக்காமல்.)

ஐடி வேலையில் இருக்கும் 34 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்பு 94 செ.மீ., ஜிம் பக்கம் போவதில்லை, அப்பாவுக்குச் சுகர். ஸ்கோர் 50. அடுத்த பிறந்தநாளில் வேறு எதுவுமே மாறாமல் 70 ஆகிவிடும். அதே ஆள் வாரம் முழுக்க ஒழுங்காக உடற்பயிற்சி செய்து, இடுப்பையும் 90-க்குள் கொண்டுவந்தால் 35 வயதிலும் 50-தான்.

எந்த டெஸ்ட் எடுப்பது?

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் ப்ரீ-டயாபடிஸ். 126, அல்லது 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை உறுதி செய்வார்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தப்பாக அதிகம் காட்டலாம். அவர்கள் குளுக்கோஸ் டெஸ்ட்டும் சேர்த்து எடுப்பது நல்லது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசப் பரிசோதனை உண்டு.

'பார்டர்தானே, பார்த்துக்கலாம்' என்று விட்டால் என்ன ஆகும்? இந்திய டயாபடிஸ் தடுப்பு ஆய்வை சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்டது. குளுக்கோஸ் டெஸ்ட்டில் பார்டரில் இருந்த, 35 முதல் 55 வயதுக்காரர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான பொது ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேர நடையும் உணவு மாற்றமும் தொடர்ந்து வலியுறுத்தப்பட்டவர்களில் இது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான், 40.5.

பார்டரில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது திரும்ப டெஸ்ட் எடுக்க வேண்டும். ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் கொடுக்கும் பிடிஎஃப்பை டெலிட் செய்யாமல் வையுங்கள். 5.4-லிருந்து 5.9-க்குப் போயிருக்கிறதா, 6.2-லிருந்து 5.9-க்கு இறங்கியிருக்கிறதா என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.