அலையைச் செய்வது கரை

கடலோர வாசிப்பு – 11

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தின் தென்பகுதியில், பொத்துவில் ஊரை ஒட்டி இருக்கிறது அறுகம்பை. மே முதல் அக்டோபர் வரை பல நாடுகளிலிருந்தும் அலைச்சறுக்குக்காரர்கள் இங்கே வந்து குவிகிறார்கள். அவர்களுக்காக எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. எந்த முனையில் எந்த மாதம் அலை நன்றாக இருக்கும், புதிதாகக் கற்பவர் எங்கே போகலாம், தேர்ந்தவர் எங்கே போகலாம், அடியில் மணலா பாறையா என்று சொல்லி முடித்துவிடும். வந்து இறங்குபவருக்கு அது போதும். ஆனால் இந்த அலைகள் இங்கே ஏன் இப்படி உடைகின்றன என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. தொட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை சுற்றுலாவைத் தாண்டிப் போகிறது. அலையை அனுப்பி வைப்பது கடல். பலகையில் ஏறி ஓட்டக்கூடிய அலையாக அதைச் செய்து தருவது கரை. பாறை முனையும் மணலும் களப்பும் ஆற்று முகமும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆகவே ஓர் அலையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் பின்னால் இருக்கும் நிலத்தைக் காப்பாற்ற வேண்டும். அப்படிக் காப்பாற்றினால் முதலில் பயன்பெறுபவர்கள் அந்தக் கரையிலேயே வாழும் மக்கள். இந்த வாரம் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் அலையின் பிறப்பைப் பார்ப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கோளத்தில் குளிர்காலம். தென்பெருங்கடலில் 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட பகுதியில் புயல்கள் ஓயாமல் வீசும் காலம் அது. அவை எழுப்பும் கொந்தளிப்பு, வர வர ஒழுங்குபட்டு, நீண்ட வரிசைகளாக வடக்கு நோக்கி நகர்கிறது. முகட்டுக்கு முகடு 14 விநாடி இடைவெளி உள்ள ஓர் அலைத்தொடர் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து இலங்கையை எட்ட அதற்கு ஆறு நாள் அளவில் பிடிக்கும். ஆழ்கடலில் அதன் நீளம் சுமார் 300 மீட்டர். நீளத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறைந்ததுமே அலைக்கு அடித்தரை தட்டுப்படத் தொடங்குகிறது; அதாவது 150 மீட்டர் ஆழத்திலேயே தரை தன் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. ஆழம் குறையக் குறைய வேகம் தளர்கிறது, உயரம் கூடுகிறது. நீரின் ஆழம் அலை உயரத்தின் 1.3 மடங்கு என்ற அளவுக்கு வரும்போது முகடு கவிழ்கிறது. கரை நெடுக ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் பலகைக்காரருக்குப் பயனில்லை. அலை மொத்தமாக இடிந்து விழுந்துவிடும். ஓரிடத்தில் தொடங்கிப் பக்கவாட்டில் படிப்படியாக உடைந்துகொண்டே போனால்தான், இன்னும் உடையாத முகத்தில் ஓட முடியும். இடிந்து விழுவதா, படிப்படியாக உடைவதா என்பதை அடித்தரையின் சரிவும் கரையின் கோணமும் முடிவு செய்கின்றன.

அறுகம்பைப் பகுதியில் கரை கிழக்கு பார்த்தது. அலை தெற்கிலிருந்து வருவது. சிறு சிறு பாறை முனைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முனைக்கும் வடக்கே ஒரு குடா வளைந்து கிடக்கிறது. வருகிற அலை முனையின் நுனியில் முதலில் தரை தட்டுகிறது. அந்தப் பக்கம் வேகம் குறைய, ஆழத்தில் இருக்கும் மறுபக்கம் முந்திவர, வரிசை முழுவதும் முனையைச் சுற்றித் திரும்பிக் குடாவுக்குள் நுழைகிறது. வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகிறது. கடலில் இருந்தபடி கரையைப் பார்ப்பவருக்கு வடக்கு வலக்கைப் பக்கம். இந்தக் கரையின் பேர்பெற்ற முனைகளில் அலை வலப்பக்கமாகவே ஓடுவதற்கு இதுதான் காரணம். தென்கோடியில், கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் கூமுனைக் காட்டுக்குள் நுழையுமுன் தங்கிச் செல்லும் உகந்தை முருகன் கோயிலுக்கு அருகே ஒரு முனை. பாணமையைத் தாண்டி வடக்கே வந்தால் பீனட் ஃபார்ம். பிறகு முதலைப் பாறை, யானைப் பாறை. அடுத்தது அறுகம்பையின் மெயின் பாயின்ட். பொத்துவிலுக்கு வடக்கே பொத்துவில் பாயின்டும் விஸ்கி பாயின்டும். மெயின் பாயின்டில் அடித்தளம் பாறை; விழுந்தால் அடிபடும், ஆனால் நல்ல நாளில் ஒரே அலையில் சில நூறு மீட்டர் ஓடலாம். விஸ்கி பாயின்டில் அலை மெதுவானது, கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது. யானைப் பாறையிலும் பொத்துவில் பாயின்டிலும் அலை உடைவது மணல் மேல். இந்த மணல்தான் நம் கதையின் நடுநாயகம்.

மணலுக்கு முன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மே வந்தால் கிழக்கிலங்கையில் கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி, மேற்கிலிருந்து இறங்கி வருவதே கச்சான். அது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், எழும்பி வரும் அலையின் முகத்தை எதிர்த்துத் தாங்கிப் பிடித்து, கவிழ்வதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. வாடைக் காலத்தில் காற்று கடலிலிருந்து வரும், அலை குலைந்துவிடும். அப்போது பலகைக்காரர்கள் தீவின் தென்மேற்குக் கரைக்கு, ஹிக்கடுவைக்கும் வெலிகமவுக்கும் இடம் மாறுகிறார்கள். அங்கே அதே காற்று நிலத்திலிருந்து வீசுகிறது. காற்றைப் போலவே மணலும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். மாரி மழையில் கும்புக்கன் ஓயா, ஹெட ஓயா போன்ற ஆறுகள் பெருகி வர, களப்புகளின் வாயை அடைத்திருந்த மணல்திட்டுகள் உடைந்து, மணல் கடலுக்குள் போகிறது. பிறகு மாதக்கணக்கில் தெற்கத்தி அலைகள் அதைக் கரையோரமாக வடக்கே நகர்த்தி, முனைகளின் உள்வளைவுகளில் படிய வைக்கின்றன. பொத்துவில் பாயின்ட் பருவத் தொடக்கத்தைவிடப் பின்பாதியில் சிறப்பாக ஓடுவது இதனால்தான். கரையோரமாகக் கடலுக்கு அடியில் ஒரு மணல் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் காணும் ஒவ்வொரு கடற்கரையும் அந்த ஆறு சற்றுநேரம் தங்கிப்போகும் படுகை.

அந்த ஆற்றை மறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொத்துவிலிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் ஒலுவில். அங்கே 2008-இல் தொடங்கி 2013 செப்டம்பரில் திறக்கப்பட்ட துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டித் தெற்குப் பக்கமே குவிந்தது. துறைமுக வாய்க்குள்ளும் புகுந்து அடைத்தது. வடக்குப் பக்கத்துக்கு மணல் வரத்து நின்றது. வரவு நின்றாலும் அலை தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் தென்னந்தோப்புகளும் வள்ளம் இழுத்துப் போடும் இடங்களும் கடலுக்குள் போயின. வணிகத் துறைமுகம் எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. கரையை இழந்தவர்களின் போராட்டம் மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரத்தின் கடற்கரை காணாமல் போனதும் இதே காரணத்தால்தான். நல்ல வேளையாக ஒலுவில் அறுகம்பைக்கு வடக்கே இருக்கிறது. அப்படியொரு சுவர் தெற்கே எழுந்திருந்தால் பொத்துவிலின் மணல் வரத்து நின்றிருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். முனைகள் பாறையால் ஆனவை. பல்லாயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. அவற்றை யார் அசைக்க முடியும்? பாறை அசையாது, உண்மை. ஆனால் அலை உடைவது பாறையின் மேல் மட்டும் இல்லை. அதன் நிழலில் படிந்த மணலின் மேலும்தான். ஸ்பெயினின் பாஸ்க் கரையில் முந்தாக்கா என்ற ஊரின் ஆற்றுமுகத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த அலைகளில் ஒன்று உடைகிறது. 2003-இல் அந்தக் கழிமுகத்தில் மணலைத் தோண்டி அகற்றினார்கள். மணல்திட்டின் வடிவம் மாறி அலை கெட்டுப்போக, 2005-இல் அங்கே நடக்கவிருந்த உலகப் போட்டி கைவிடப்பட்டது. மலையும் கரையும் அப்படியே இருந்தன. மணல் மட்டும்தான் மாறியது. பிற்பாடு மணல் மெல்லத் திரும்பியதும் அலையும் திரும்பியது. ஆற்றில் மணல் அள்ளினாலும், களப்பு வாயைக் கான்கிரீட்டால் கட்டினாலும், கரைமேட்டைச் சமன்படுத்தி விடுதி எழுப்பினாலும் அதன் விளைவு கடைசியில் வந்து நிற்கும் இடம் அலை உடையும் இடமே.

அலைச்சறுக்கின் அலையை விடுங்கள். உயிரைக் குடிக்கும் அலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கைக்கு வந்த ஆய்வாளர்கள் யாலவில் ஒன்றைப் பதிவு செய்தார்கள். கடல் நன்றாகத் தெரிய வேண்டுமென்று முன்னாலிருந்த மணல்மேட்டை அகற்றியிருந்த ஒரு விடுதி அடியோடு அழிந்தது. தென்மேற்குக் கரையில், பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் சுமார் 50 மீட்டர் உள்ளே வந்து நின்றது; சில கிலோமீட்டர் வடக்கே, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்திருந்த பெரலியவில் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை புகுந்து ரயிலையே புரட்டிப்போட்டது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கடலடித் தரையையும் கரைமேட்டையும் கலைப்பவர் அலையின் போக்கையும் கலைக்கிறார் என்பதை இதைவிடக் கொடிய முறையில் யாரும் மெய்ப்பித்துக் காட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வசதி படைத்த வெளிநாட்டுக்காரரின் பொழுதுபோக்குக்காக ஒரு கரையைக் கட்டிக் காக்க வேண்டுமா? மீனவருக்குத் துறைமுகம் வேண்டாமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறுகம்பையில் வள்ளங்கள் எங்கே கரையேறுகின்றன என்று பாருங்கள். குடாவின் தென்மூலையில், மெயின் பாயின்ட் முனையின் மறைவில். அலையை வளைத்துப் பலகைக்காரருக்குத் தரும் அதே முனைதான், அலையின் வேகத்தைத் தணித்து வள்ளத்துக்கு அமைதியான இறங்குதுறையையும் தருகிறது. இரண்டுமே ஒரே நிலவடிவத்தின் கொடை. அந்த வடிவம் கெட்டால் இருவருமே இழப்பார்கள். மீனவருக்கென்று கட்டியதாகச் சொல்லப்படும் சுவர்களால் பக்கத்து ஊர் மீனவர் கரை இழப்பதை ஒலுவில் காட்டிவிட்டது. துறைமுகம் தவிர்க்க முடியாத இடங்களில் மணலை மறுபக்கம் கடத்தி அனுப்பும் ஏற்பாடும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்றுமுகத்தில் 2001 முதல் குழாய் வழியே மணலைத் தொடர்ந்து அனுப்புகிறார்கள். அந்தச் செலவைத் துறைமுகம் உள்ளவரை சுமக்க வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே எந்தச் சுவரும் எழ வேண்டும்.

மூன்றாவது மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது. பாதுகாப்பு என்ற பெயரில் கரைவாசிகளை வெளியேற்றுவதுதானே வழக்கம்? சுனாமிக்குப் பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. மீனவக் குடும்பங்கள் விலகி நிற்க வேண்டும், உல்லாச விடுதிகளுக்கு மட்டும் வழியுண்டு என்ற நிலையைக் கண்டு அறுகம்பையில் எழுந்த கோபம் உலகறிந்தது. பாணமைப் பகுதியில் 2010-இல் குடும்பங்கள் தம் நிலத்திலிருந்து விரட்டப்பட்டதும், அந்த நிலம் படையினர் வசம் போனதும் பதிவான செய்திகள். எனவே இந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் அந்த இரண்டு நிகழ்வுகளிலும் காக்கப்பட்டது கரையா? ஆளை அகற்றிவிட்டுக் கட்டடத்துக்கு இடம் விட்டதைக் கரைப் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது. நான் கேட்கும் பாதுகாப்பு மணலுக்கும் நீருக்கும் வழிவிடுவது. கரையில் வள்ளமும் வலையும் வைத்திருப்பவரின் உரிமையை அது முதலில் எழுதிவைக்க வேண்டும்.

முன்மாதிரிகள் இருக்கின்றன. அலை உடையும் இடங்களைக் காக்க பெரு நாடு 2000-இலேயே தனிச்சட்டம் இயற்றியது. நியூசிலாந்தின் 2010 கடலோரக் கொள்கை 17 இடங்களை நாட்டளவில் முக்கியமானவை என்று பெயர் சொல்லிக் காக்கிறது. இலங்கையின் 1981-ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நிலப்பக்கம் 300 மீட்டரையும் கடல்பக்கம் 2 கிலோமீட்டரையும் கரையோர வலயம் என்கிறது. மணலோ பல பத்துக் கிலோமீட்டர் பயணம் செய்வது. ஆகவே உகந்தை முதல் பொத்துவிலுக்கு வடக்கு வரை, ஆறுகள், களப்புகள், மணல்மேடுகள், முனைகள் அனைத்தையும் ஒரே அலகாகக் கொண்டு நிர்வகிக்க வேண்டும். 1990-களில் ஹிக்கடுவையிலும் ரெக்காவையிலும் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு சிறப்பு முகாமைப் பகுதிகள் முயன்று பார்க்கப்பட்டன. அந்த வழியை இங்கே செம்மைப்படுத்தி எடுக்கலாம். மீனவர் சங்கங்களும் அலைச்சறுக்குச் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்தக் கட்டுமானத்துக்கும் முன்னால் மணல் கணக்கைக் கேட்க வேண்டும். வழிகாட்டி எழுதுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த அலையில் ஏறலாம் என்று சொல்லும் பக்கத்திலேயே, அந்த அலைக்கு மணல் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, அந்த ஆற்றிலும் களப்பிலும் இப்போது என்ன நடக்கிறது என்பதையும் அவர்கள் எழுதட்டும். அலையைத் தேடி வருபவர் கரைக்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

(தொடரும்)