ஆறரைச் சுற்று

அமெரிக்க பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தே அதன் கியர்பாக்ஸ் எது என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அப்போதைய பெட்டிகளுக்குத் தனித்தனி முகம் இருந்தது. 1968 முதல் 1991 வரை செவர்லே, ஜிஎம்சி பிக்கப்களில் வந்த எஸ்எம்465 முழுக்க வார்ப்பிரும்பு. எடை ஏறத்தாழ எண்பது கிலோ. ஃபோர்டில் வந்த என்பி435 பெட்டிக்கு மேல்மூடி அலுமினியம். அதே ஃபோர்டில் வந்த போர்க்-வார்னர் டி-18க்கு மூடியும் இரும்பு. ஒரு துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடை காதில் இருந்தது. டி-18க்கும் அதன் தம்பியான டி-19க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் டி-19இல் முதல் கியருக்கும் சின்க்ரோ, அதாவது பற்கள் சேருமுன் சுற்றும் வேகத்தை ஒத்துவரச் செய்யும் அமைப்பு, உண்டு; டி-18இல் இல்லை. வண்டி மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்குத் தள்ளிப் பார்த்தால் ஒன்று வழுக்கிக்கொண்டு விழும், மற்றது பல் கடித்துக் கத்தும்.

இந்த நான்கு கியர் பெட்டிகளின் முதல் கியர் சாலைக்கானது அல்ல. வெறும் வண்டியை ஓட்டுநர்கள் இரண்டாம் கியரில்தான் எடுப்பார்கள். எஸ்எம்465இன் முதல் கியர் விகிதம் 6.55. அதாவது எஞ்சின் ஆறரைச் சுற்றுச் சுற்றினால்தான் பின்னால் போகும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். பின் ஆக்சிலின் விகிதம் 4.10 என்றால் இரண்டையும் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 27. எஞ்சின் 27 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலேட்டரைத் தொடாமல், நிமிடத்துக்கு 600 சுற்றில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம் நகரும். மனிதர் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. வண்டியைத் தானாக ஊர விட்டுவிட்டு, கூடவே நடந்து வயலில் வைக்கோல் கட்டுகளை ஏற்றலாம். மரக்கட்டையைக் கயிறு கட்டி இழுக்கலாம். 6.55 என்ற எண்ணுக்குள் ஒரு பண்ணையின் வேலைநாளே அடங்கியிருந்தது. கியர் விகிதத்தை வெறும் தொழில்நுட்ப விவரம் என்று ஒதுக்குபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. வண்டியை எதற்காகச் செய்தார்கள் என்பதை அதைப்போல வெளிப்படையாகச் சொல்லும் எண் வேறில்லை.

எஸ்எம்465உம் போர்க்-வார்னரின் டி வரிசையும் ஒரே ஊரின் பிள்ளைகள்: இந்தியானா மாநிலத்து மன்சி. சமூகவியல் படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறு வழியில் தெரிந்திருக்கும். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் 1929இல் வெளியிட்ட ‘மிடில்டவுன்’ ஆய்வு இந்த ஊரைப் பற்றியதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய கியர்பாக்ஸ் ஆலை அங்கே 2006இல் மூடப்பட்டது. போர்க்-வார்னர் ஆலை 2009இல் மூடப்பட்டது.

அந்தப் பெட்டிகளின் காலத்திலும் எழுத்து அடையாளம் இல்லாமல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்பில் டேஷ்போர்டு பெட்டியின் மூடிக்குள் ஒரு காகிதப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். எல்லாம் மூன்றெழுத்துக் குறிகள். ஜியு6 என்றால் ஆக்சில் விகிதம் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. எம்20 என்றால் எஸ்எம்465. ஃபோர்டில் ஓட்டுநர் கதவில் ஒட்டிய சீட்டில் கியர்பாக்ஸுக்கு ஒரு குறி, ஆக்சிலுக்கு ஒரு குறி. 1981 முதல் பதினேழு எழுத்து வண்டி எண் வந்தபிறகு அதிலேயே எல்லாம் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண்ணின் எட்டாவது இடம் எஞ்சினைச் சொல்லும். கியர்பாக்ஸைப் பற்றி அமெரிக்க பிக்கப்களில் அது பொதுவாக வாய் திறப்பதில்லை.

இன்று பழைய பிக்கப் வாங்குபவர் முதலில் செய்வது இந்தக் குறிகளைப் படம் எடுத்துத் தேடுவது. தேடட்டும், தவறில்லை. ஆனால் அந்தச் சீட்டு சொல்வது வண்டி ஆலையைவிட்டு வெளியேறிய நாளின் கதையை. நாற்பது ஆண்டில் அடியில் என்னென்ன மாறியது என்று சீட்டுக்குத் தெரியாது. பழைய நான்கு கியர் பெட்டியில் மேல் கியர் நேர்விகிதம், 1.00. ஆக்சில் 4.10 என்றால் மணிக்கு 90 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றுவரை அலறும். அதனால் பலர் அதைக் கழற்றிவிட்டு, 1990களில் வந்த ஐந்து கியர் என்வி4500ஐப் பழைய உதிரிக் கடையில் வாங்கிப் பொருத்தினார்கள். அதன் ஐந்தாம் கியர் 0.73; அதே வேகத்தில் எஞ்சின் 2,000 சுற்றுக்குக் கீழே இறங்கிவிடும். இந்த என்வி4500இலும் ஒரு சிக்கல். தொடக்க ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அதன் முதல் கியர் 6.34, பிறகு 5.61. பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. டி-19உம் அப்படித்தான், 6.32ஆகவும் இருக்கலாம், 4.02ஆகவும் இருக்கலாம்.

இங்கேதான் அந்தக்கால வழி இன்றைக்கும் எதற்கும் தோற்காமல் நிற்கிறது: எண்ணுவது. தரை சமமாக இருக்க வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டு மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினால் எஞ்சின் கைக்கு லேசாகச் சுற்றும். முதல் கியரில் போட்டு, பின்னால் போகும் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானர் வைத்துத் திருப்புங்கள். ஷாஃப்ட் ஒரு சுற்று முடிப்பதற்குள் கிராங்க் எத்தனை சுற்றியது என்பதுதான் விகிதம். ஷாஃப்டைப் பத்துச் சுற்று சுற்றவிட்டு எண்ணினால் ஐயமே இல்லை: என்வி4500இல் 56 வந்தால் 5.61, 63 வந்தால் 6.34.

ஆக்சிலுக்குக் கியரை நியூட்ரலில் போட வேண்டும். இங்கே பலரும் சறுக்குவார்கள். டிஃபரன்ஷியல் சாதாரண வகை என்றால், ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை ஒரு சுற்று சுற்றும்போது உள்ளே கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் அரைச் சுற்றுதான் சுற்றும். ஆகவே சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்டின் சுற்றை எண்ண வேண்டும். இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றுகிற பூட்டு வகை என்றால் ஒரு சுற்றே போதும். மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 3.73, உள்ளே கிரவுனில் 41 பல், அதைச் சுற்றும் சிறிய பினியனில் 11 என்று திறக்காமலே சொல்லலாம். நான்கு சுற்றும் கொஞ்சமும் வந்தால் 4.10, பெரும்பாலும் 41க்கு 10.

புது ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பாக்ஸில் இந்த எண்ணும் வழி செல்லாது. 2017 முதல் ஃபோர்டு எஃப்-150இல் வந்த பத்து வேக ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 4.69, கடைசி 0.63. எஞ்சின் நின்றுவிட்டால் எண்ணெய் அழுத்தமும் நின்றுவிடும்; உள்ளே எந்தக் கியரும் பிடித்திருக்காது, கையால் சுற்றி எண்ண எதுவும் இல்லை. கதவுச் சீட்டையும் கணினியையும்தான் கேட்க வேண்டும். எஃப்-150இல் கையால் மாற்றும் கியர் 2008ஓடு போயிற்று. பெரிய பிக்கப்களில் கடைசிவரை அதை வைத்திருந்த ராம் 2018இல் நிறுத்தியது. நடுத்தர அளவில் டொயோட்டா டகோமா 2024 மாதிரியிலும் ஆறு கியர் கைப்பெட்டியைத் தருகிறது. அதில் இன்னும் எண்ணலாம்.