இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

துறைமுகத்தில் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 'கன்டெய்னர்' என்பது அவற்றின் பெயர். 1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் இத்தகைய 58 பெட்டிகளுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்று உலக வாணிபத்தில் பெரும் பங்கு இந்தப் பெட்டிகளில்தான் பயணம் செய்கிறது!

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. நான்கு எழுத்து, ஏழு இலக்கம். எண் மாறாது. உள்ளே இருக்கும் சரக்கோ பயணத்துக்குப் பயணம் மாறும். போன மாதம் துணி. இந்த மாதம் ரசாயனம்.

"எண்ணுக்கு எதிரே சரக்கின் பெயரை எழுதி வைத்தால் போகிறது, இதில் என்ன பிரமாதம்?" என்று கேட்பீர்கள்.

உயிர் போகும் விஷயம்!

2022 ஜூன் 4-ந் தேதி இரவு, வங்காள தேசத்தில் சிட்டகாங் அருகே சீதாகுண்டாவில் ஒரு பெட்டிக் கிடங்கு தீப்பற்றியது. தீயணைப்புப் படையினர் விரைந்தனர். சில பெட்டிகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ரசாயனம் இருந்தது. அதை யாரும் தங்களிடம் சொல்லவில்லை என்று தீயணைப்புத் துறை பிறகு கூறியது. பயங்கர வெடி! நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீயணைப்பு வீரர்களும் அவர்களில் உண்டு.

'இந்த நேரத்தில், எந்தப் பெட்டியில், என்ன?' இந்தக் கேள்விக்கு நொடியில் விடை சொல்லும்படி கணிப்பொறியில் கணக்கு வைப்பது எப்படி?

காட் காட்டிய வழி

எட்கர் காட் இங்கிலாந்தில் பிறந்தவர், கணிதம் படித்தவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தபோது, 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல்களைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து, பொதுவான எண்களால் அவற்றை இணைக்கலாம் என்பது அவர் கருத்து.

நம் பெட்டிக்கு மூன்று அட்டவணை போதும். ஒன்றில் பெட்டிகள், மற்றொன்றில் சரக்கு வகைகள். மூன்றாவதில்தான் சூட்சுமம்: பெட்டி எண், சரக்கு எண், அளவு, ஏற்றிய நேரம், இறக்கிய நேரம். ஒரே பெட்டியில் பத்துச் சரக்கு இருந்தால் பத்து வரி. 'இறக்கிய நேரம்' காலியாக இருந்தால், சரக்கு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

பழைய வரியை அழித்துப் புதியதை எழுதுவது கூடவே கூடாது. சரக்கை இறக்கினால் நேரத்தைக் குறித்து வரியை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான், சென்ற மாதம் பத்தாந் தேதி மாலை அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று இன்றும் கேட்கலாம். முன்பு ரசாயனம் ஏற்றிய பெட்டியில் அரிசி ஏற்றலாமா என்று பார்ப்பவருக்கு இது பெரிய உதவி.

கெட்டிக்கார குமாஸ்தாக்கள் மற்றொரு பத்தியும் சேர்ப்பார்கள்: 'பதிவு செய்த நேரம்'. திங்களன்று ஏற்றிய சரக்கைப் புதனன்று எழுதியிருந்தால், செவ்வாயன்று அந்தச் செய்தி ஏட்டில் இல்லை என்பது அதில் தெரிந்துவிடும். விபத்துக்குப் பின் விசாரணை செய்பவர்களுக்கு இது உதவும்.

ஆனால், அனுப்புகிறவர் ரசாயனத்தைத் 'துணி' என்று எழுதிக் கொடுத்தால், கணிப்பொறியும் 'துணி' என்றே சொல்லும். அதற்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும் சுங்க அதிகாரிதான் வேண்டும்.