கடைசி ஏற்றம் எல்ல மலையில்

மலைநாட்டான் கண்ட கடல் – 9

தெமோதரை ஸ்டேஷனில் பதுளைக் கோச்சிக்குக் கையசைத்து அனுப்பிவிட்டு அங்கேயே நில்லுங்கள். சற்று நேரத்தில் அதே கோச்சி வளைந்து சுற்றி வந்து, நீங்கள் நிற்கும் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் புகுந்து போகும். 44 அடி ஓடினால் 1 அடிதான் இறங்கலாம், ஏறினாலும் அவ்வளவுதான் என்பது பாதை போட்டவர்களின் கணக்கு. மலை அதற்கு இடம் தராதபோது, பாதையையே சுற்றிவிட்டு நீளத்தைக் கூட்டிக்கொண்டார்கள். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று எங்கள் லயத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 1924இல் பதுளை வரை கோச்சி வந்தது. உயரத்தை அவசரப்படாமல் கடக்க வேண்டும் என்ற பாடத்தை நூறு வருடமாக நம் வாசலில் வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது கடலுக்குள் போன பிறகுதான் புரிந்தது.

சென்ற கிழமை ஆழம் குறைந்த முருகைக்கல்லின் மேல் முகம் கவிழ்ந்து மிதந்தோம். இந்தக் கிழமை ஆழத்துக்கு இறங்குகிறோம், அதுவும் நீரோட்டத்தோடு. இறங்குவதற்கு முன் நடக்கும் திட்டமிடல்தான் இந்த அத்தியாயம்.

எல்லவில் ராவணன் குகை இருக்கிறது, ராவணன் நீர்வீழ்ச்சி இருக்கிறது. அந்த நீர்வீழ்ச்சியின் தண்ணீர் கிரிந்தி ஓயாவில் சேர்ந்து, வெல்லவாயவைக் கடந்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தில் தங்கி, தென்கிழக்குக் கரையில் கடலைத் தொடுகிறது. அந்தக் கரையில் கிரிந்த என்ற மீன்பிடி ஊர். அங்கிருந்து கடலுக்குள் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் போனால் ஒரு பாறைத் தொடர் வரும். சிங்களத்தில் அதன் பெயர் மஹா ராவணா கொட்டுவ, ராவணனின் பெரிய கோட்டை. கடல்வரைபடத்தில் கிரேட் பாஸஸ். பாறைகளும் ஆழமின்மையும் உள்ள இடத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அலை அறையும் அந்தப் பாறையின் மேல் ஒரு கருங்கல் வெளிச்சவீடு நிற்கிறது. கற்களை ஸ்கொட்லாந்தில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கி, 1873 மார்ச்சில் விளக்கேற்றினார்கள். அதற்கு நூற்றெழுபது வருடம் முன்பே அந்தப் பாறை ஒரு கப்பலை விழுங்கியிருந்தது. 1961இல், ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பரும் சினிமாக்காரருமான மைக் வில்சன், இரண்டு அமெரிக்கப் பையன்களோடு அங்கே இறங்கியபோது வெள்ளி நாணயங்கள் கண்ணில் பட்டன. ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சான ரூபாய்கள் அவை. ஹிஜ்ரி 1113, அதாவது ஏறத்தாழ 1702 என்று அவற்றில் பொறித்திருந்தது. கப்பல்களைக் கவிழ்த்த அதே ஓட்டமும் அலையும்தான் அங்கே இறங்கும் மனிதரையும் சோதிக்கின்றன.

ஆகவே முதல் கேள்வி, எந்த மாதம். நம்மவர்கள் ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் நடக்கும் நாட்களில் சோழகக் காற்று வீசிக்கொண்டிருக்கும். அப்போது அந்தப் பாறைப் பக்கம் படகே போகாது. வாடையும் அடங்கி, சோழகமும் தொடங்காத இடைவெளியில், மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, கடல் சில கிழமைகள் கதவைத் திறந்து வைக்கிறது. வில்சன் நாணயங்களைக் கண்டதும் ஒரு மார்ச் மாதத்தில்தான்.

தோட்டத்தில் காலைப் பெரட்டு முடியாமல் யாரும் மலைக்கு ஏற மாட்டார்கள். டைவிங்குக்கும் ஒரு பெரட்டு உண்டு. கிரிந்தவில் படகுக்காரரின் முற்றத்தில் நாங்கள் வரைபடத்தை விரித்து, எங்கே இறங்குவது, எதைப் பார்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் குறுக்கிட்டார்.

“தம்பி, எறங்குற எடம் எனக்குப் பெருசில்ல. எங்க மேல வருவீங்க, எத்தன மணிக்கு? அதச் சொல்லுங்க.”

“சரி நானா, கணக்குப் போட்டுச் சொல்றோம்.”

நீரோட்ட டைவிங்கின் திட்டம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நங்கூரம் போட்ட படகிலிருந்து இறங்கினால் அந்தக் கயிற்றுக்கே திரும்பி வரலாம். ஓட்டத்தோடு போகிறவருக்குத் திரும்பி வரும் இடம் கிடையாது. படகுதான் அவரைத் தேடி வர வேண்டும். அதனால் மேலே வரும் இடத்தை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

30 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் கூடும். 30 மீட்டரில் 4 பார். மேலே நிமிடத்துக்கு 20 லீட்டர் காற்றை இழுப்பவர் அங்கே 80 லீட்டர் இழுப்பார். 12 லீட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2,400 லீட்டர் காற்று. 80ஆல் வகுத்து 30 நிமிடம் இருக்கிறது என்று மகிழ்ந்தால் அங்கேதான் ஆபத்து.

கூட வருபவர் மூச்சுவிடும் கருவியான ரெகுலேட்டர் 30 மீட்டரில் பழுதாகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரே சிலிண்டரில் இருவர் மூச்சுவிட வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லீட்டர் இழுப்பார்கள். நிலைமையைப் புரிந்துகொள்ள 1 நிமிடம் போகும், அதற்கு 240 லீட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர ஏறத்தாழ 500 லீட்டர். பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வர 270 லீட்டர். மொத்தம் 1,010. சிலிண்டரின் 12ஆல் வகுத்தால் 84 பார். தாராளமாக 90 என்று வைப்போம். மானி 90 காட்டும்போது கண்ணெதிரே எந்த அற்புதம் நின்றாலும் மேலே கிளம்ப வேண்டும். அந்த 90 பார் எனக்குச் சொந்தமில்லை, கூட வருபவருடையது.

மிச்சம் 110 பார், 1,320 லீட்டர். 30 மீட்டரில் அது 16 நிமிடம். பரவலாகப் பயன்படும் ஒரு டைவிங் அட்டவணை அந்த ஆழத்தில் 20 நிமிடம் வரை இருக்க அனுமதிக்கிறது. ஆனால் இங்கே காற்றுதான் முதலில் கையை விரிக்கிறது. மேலே வரவும் நின்று வரவும் 7 நிமிடம் சேர்த்தால் மொத்தம் 23. ஓட்டம் 1 நொட் என்றால் நிமிடத்துக்கு 31 மீட்டர் இழுக்கும். 23 நிமிடத்தில் 700 மீட்டர். 2 நொட் என்றால் 1.4 கிலோமீட்டர். நானா கேட்ட இடமும் நேரமும் கையில் வந்துவிட்டன. மறுநாள் காலை ஒரு மிதவையைத் தண்ணீரில் போட்டு, அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்த்துக் கணக்கைத் திருத்துவதுதான் மிச்சம்.

மற்றவை சுருக்கமானவை, ஆனால் எழுதியே ஆக வேண்டியவை. எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்து உடனே இறங்க வேண்டும், ஒருவர் தாமதித்தால் அவரை ஓட்டம் வேறு திசைக்குக் கொண்டுபோய்விடும். துணையைத் தொலைத்தால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வர வேண்டும். ஏறும்போது ஆரஞ்சு நிற மிதவைக் குழாயில் காற்றடைத்து நூலோடு மேலே விட வேண்டும். அலைக்கு நடுவே ஒரு தலை படகுக்காரர் கண்ணுக்குத் தெரியாது, அந்தக் குழாய் தெரியும். படகில் ஒக்சிசன் இருக்க வேண்டும். இதில் எதையும் தகுதி பெற்ற பயிற்சியாளர் இல்லாமல் செய்யக் கூடாது.

டைவிங் புத்தகங்களில் திட்டம் பெரும்பாலும் படகோடு முடிந்துவிடும். எங்களுக்கு முடியவில்லை, ஏனென்றால் நாங்கள் மலைக்காரர்கள்.

வெல்லவாயவில் வாங்கிய மிக்சர் பக்கெட்டை எல்லவில் எடுத்துப் பாருங்கள். வாங்கியபோது தளர்ந்திருந்தது வயிறு உப்பி நிற்கும். உள்ளே இருப்பது அதே காற்று, வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது. எல்ல ஸ்டேஷன் 1,041 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெமோதரை ஏறத்தாழ 900. கடற்கரையை விடப் பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைவு. ஆழத்திலிருந்து வந்தவரின் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் பல மணி நேரம் மிச்சமிருக்கும். கரையில் அது மூச்சோடு மெல்ல வெளியேறும். அதற்குள் பஸ் ஏறி எல்ல மலையை எட்டினால், அது உடம்புக்குள்ளேயே குமிழியாகலாம். மூட்டு வலியாகத் தொடங்கும். முதுகுத்தண்டில் குமிழி பட்டால் கால் வழங்காமல் போகும். நம் தீவின் கரைகளில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்கும் தொழிலாளிகள், கணக்குச் சொல்லித்தர ஆளில்லாமல், இப்படித்தான் முடங்கிப் போகிறார்கள். இந்தக் கணக்கு பொழுதுபோக்குக்கு வருபவர்களிடம் மட்டும் இருப்பது அநியாயம். வயிற்றுக்காக இறங்குபவருக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டும், அவர் மொழியில்.

டைவிங் முடித்து விமானம் ஏறுபவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 2,000 அடிக்கு மேல் உள்ள உயரத்தை மனதில் வைத்துச் சொன்னது அது. தெமோதரைக்காரருக்கு விமானம் தேவையில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸே அந்த உயரத்தைத் தாண்டிவிடும். வெளியூரிலிருந்து வரும் பயிற்சியாளர் இதைக் கேட்க மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்: “அண்ணே, எங்க வீடு மலையில.”

அன்றிரவு திட்டத்தாளை மறுபடி எழுதினோம். இரண்டு முறை இறங்குவதால் 18 மணி நேரம். காலை 11 மணிக்குக் கரை. இரவு திஸ்ஸமஹாராமவில் தங்கல். மறுநாள் காலை 5க்குக் கணக்கு முடிகிறது, ஆனாலும் அவசரப்படாமல் மதியத்துக்குப் பிறகு பஸ். தாளின் கடைசி வரியில், படகின் பெயருக்கும் வெளிச்சவீட்டுக்கும் எல்லாம் கீழே, எங்கள் ஊரின் பெயரை எழுதினேன்: தெமோதரை, மாலை 5 மணி. அதன் பிறகுதான் மேலே வந்துவிட்டோம் என்று சொல்லலாம்.

அடுத்த கிழமை: மிதவை எந்தப் பக்கம் போனது?

(தொடரும்)