தலையருவியைக் கண்டு வந்த கடைமடையினர்

தாமிரபரணியின் தண்ணீரால் உயிர் வாழ்கின்ற நம்மில் எத்தனை பேர், அந்நதி மலையைவிட்டு இறங்கும் இடத்தை நேரில் கண்டிருக்கிறோம்? ஆழ்வார்திருநகரிப் பகுதியில் நெல்லும் வாழையும் பயிரிடும் அன்பர்கள் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்காலை நன்கறிவார்கள். அதில் தண்ணீர் வந்த நாளையும் வராத நாளையும் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். தறியில் அமரும் அன்பர்களுக்கும் பாவுக்குக் கஞ்சி தோய்ப்பது முதல் நூலை அலசுவது வரை தண்ணீரின்றி வேலை நடவாது. எனினும் அத்தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது, எத்தனை பேருடைய தேவையைத் தீர்த்துவிட்டு நம்மிடம் வந்து சேருகிறது என்பதை நாம் கேள்வியால் அறிந்திருக்கிறோமே யல்லாமல் காட்சியால் அறிந்தோமில்லை.

இக்குறையைப் போக்கும் பொருட்டு, விவசாய அங்கத்தினரும் நெசவாள அங்கத்தினருமாகச் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வழியறிந்த ஒருவரைத் துணைக்கொண்டு, பாபநாசத்தை அடுத்துள்ள அகத்தியர் அருவிக்கு ஒரு பகல் நடைப்பிரயாணம் சென்று வந்தோம். அங்குக் கண்டவற்றுள் நம்மவர் அறிய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

எட்டு அணைக்கட்டுகள்

ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலி சென்று, அங்கிருந்து பத்தமடை, சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்தை அடைய வேண்டும். இவ்வூர்களின் பெயர்களே நம் தொழிலை நினைவூட்டுவன. பத்தமடை கோரைப்பாய்க்குப் பெயர் பெற்றது. அதன் கோரை இந்நதிக்கரையில் வளர்வது. வீரவநல்லூரோ நெசவுக்குப் பெயர் பெற்றது.

நதி செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் போகும்போதுதான் ஓர் உண்மை நன்கு புலனாகின்றது. தாமிரபரணியில் பாசனத்திற்காக அமைந்த அணைக்கட்டுகள் எட்டு. மேலிருந்து எண்ணினால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என வரும். நம்முடையது எட்டாவது. மேலே உள்ள ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இந்நாட்டவர் கட்டியவை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டுமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. ஆகவே ஏழு மதகுகளைக் கடந்த மிச்சமே நம் வயலுக்கு வருகிறது. மேலே இருப்பவர் வேண்டிய அளவோடு நிறுத்திக்கொண்டால் நமக்குப் பிசானமும் உண்டு, காரும் உண்டு. அவர் அளவு மீறினால் நமக்கு ஒன்றும் இல்லை. கூட்டுறவு என்ற சொல்லைச் சட்டங்கள் எழுதுவதற்கு வெகு காலத்திற்கு முன்பே, இந்நதிக்கரையில் வாழ்ந்தோர் அதனைத் தண்ணீரில் கற்றிருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

நம் பெரியோர் இந்நதியைத் தலையும் வாலுமாகப் பிரித்துப் பார்த்ததில்லை. நவகைலாயத் தலங்களுள் முதலாவது பாபநாசம். நம் பக்கத்து ஸ்ரீவைகுண்டமும் தென்திருப்பேரையும் அவ்வரிசையில் சேர்ந்தவையே. நதியோடு நடந்து வழிபட்டவர்கள் நதி முழுவதையும் ஒன்றாகவே கண்டார்கள்.

அருவியும் நூலும்

பாபநாசத்தை நெருங்கும்போது விக்கிரமசிங்கபுரத்தில் பழைய பஞ்சாலை ஒன்று தென்படும். 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே ஆலை நிறுவினார்கள். இவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அருவிதான். மலையிலிருந்து விழும் நீரின் வேகத்தைக் கொண்டே அக்காலத்தில் கதிர்கள் சுழன்றன. பிற்பாடு, 1944இல், பாபநாசம் நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது. நெசவாள அன்பர்கள் இதனைக் கேட்டபோது மிகவும் வியப்புற்றார்கள். வயலுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிய ஆறு நூலையும் நூற்றுத் தந்திருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். அன்று முழுவதும் அப்பேச்சே எங்களிடையே நடந்தது.

குழுவாக நடத்தல்

பாபநாசத்திற்கு மேலே வனத்துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. அதற்கு அப்பால் களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1962இல் முண்டந்துறையிலும் 1976இல் களக்காட்டிலும் ஏற்பட்ட சரணாலயங்களை இணைத்து 1988இல் இக்காப்பகம் அமைக்கப்பட்டது. சாவடியில் பைகளைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக் பைகளும் மதுவகைகளும் உள்ளே செல்லக் கூடாது. அனுமதித்த இடங்களுக்கு அப்பால் போவதும், மாலைப் பொழுது தாண்டித் தங்குவதும் கூடா. இவற்றை இடையூறு என்று எண்ணலாகாது. புலியும் சிறுத்தையும் கரடியும் வாழும் இடத்திற்கு விருந்தினராகச் செல்லும் நாம் அவ்வீட்டு வழக்கத்திற்கு உட்படுவதே முறை.

எங்கள் வழிகாட்டி புறப்படுமுன் மூன்று விஷயங்களைச் சொன்னார். குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னே செல்ல வேண்டும். அவருடைய நடையே எல்லோருடைய நடையும் ஆகும். திடகாத்திரமான ஒருவர் கடைசியில் வர வேண்டும். அவருக்குப் பின்னால் எவரும் தங்கக் கூடாது. தலைகளை ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ண வேண்டும். இவ்விதியினால் வயது முதிர்ந்த அங்கத்தினர்களும் களைப்பின்றி வந்து சேர்ந்தார்கள். வழியெங்கும் மரநிழல். கருமந்திகள் கிளைவிட்டுக் கிளை தாவுவதைக் கண்டோம். உரக்கப் பேசாமல் நடந்தமையால் பறவைகளின் குரலும் கேட்டது.

அகத்தியர் அருவியை அடைந்ததும் களைப்பு நீங்கிற்று. குற்றாலத்தில் பருவம் பார்த்துச் செல்ல வேண்டும். இங்கோ ஆண்டின் பெரும்பாலான நாட்களில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. அருவியிலிருந்து படிகளேறிச் சென்றால் கல்யாண தீர்த்தம். அங்கே அகத்தியருக்கும் லோபாமுத்திரைக்கும் கோயில் உண்டு. பாறைகளின் நடுவே நீர் ஆழ்ந்து கறுத்து, அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியை நம்பலாகாது. சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், 1925 ஜூன் மாதத்தில், இப்பாபநாச அருவிப் பகுதியில் நீரில் அகப்பட்ட தம் மகள் சுபத்திரையைக் காப்பாற்ற முயன்று, மகளோடு தாமும் உயிர் துறந்தார். வழிகாட்டி இதனைச் சொல்லக் கேட்டபின், தடுப்பைத் தாண்டி இறங்க எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. வழுக்குப் பாறையும் ஆழமறியாத நீரும், கற்றவர் கல்லாதவர் என்று பார்ப்பதில்லை. மலையில் மழை பெய்தாலும், அணையில் நீர் திறந்தாலும், அருவியில் வெள்ளம் திடீரென்று பெருகும். அந்நாட்களில் வனத்துறையினர் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். அத்தடையை மதித்து நடப்பதே அறிவுடைமை.

காடே நமது சேமிப்பு

பொதிகை மலைக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆகிய இரண்டும் மழை தருகின்றன. அம்மழை முழுவதும் உடனே ஓடிவிடுவதில்லை. அடர்ந்த சோலைகளின் சருகும் வேரும் மண்ணும் அதனை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஊற்றாகச் சிறுகச் சிறுக விடுகின்றன. சங்கத்தில் நாம் கட்டும் சேமிப்புத் தொகை போன்றது இது. நல்ல காலத்தில் போட்டது இல்லாத காலத்தில் கைகொடுக்கிறது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை நாளிதழில் தினமும் பார்க்கிறோம். முறையே 143 அடி, 156 அடி, 118 அடி என்பது அவற்றின் முழு அளவு. அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது இக்காடே.

காடும் அணையும் இருந்தும் வெள்ளம் வருவதுண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் வண்டி பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டதையும் நாம் மறந்திருக்க முடியாது. மேலே இருக்கும் மலையையும் கீழே இருக்கும் குளங்களையும் காத்துக்கொண்டால்தான் மிகுதியையும் குறைவையும் ஓரளவேனும் தாங்க முடியும்.

ஆற்றில் விடும் துணி

இவ்வளவு மகிழ்ச்சியினிடையே எங்கள் மனத்தை வருத்திய காட்சி ஒன்று உண்டு. பாபநாசம் படித்துறையில் நீராடுவோர் பலர், உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். துணியோடு பாவமும் போய்விடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தொண்டர்கள் டன் கணக்கில் துணிகளை ஆற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள், அப்படியும் தீர்ந்தபாடில்லை. முன்னாளைய பருத்தித் துணி நீரில் மக்கிவிடும். இக்காலத்துச் செயற்கை இழைத் துணியோ பாறையிடுக்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. குளிப்பவர் காலைச் சுற்றுகிறது, மதகை அடைக்கிறது, மீன்களுக்கும் நீர்நாய்களுக்கும் கேடு செய்கிறது.

ஒரு சேலையை நெய்ய எத்தனை நாள் இருந்து, எத்தனை முறை நாடா ஓட்ட வேண்டும் என்பதை நெசவாளி அறிவான். அவன் கண்ணுக்கு அப்படித்துறை எப்படித் தோன்றியிருக்கும்! “துணியை ஏழைக்குக் கொடுத்தால் அதுவன்றோ பாவத்தைப் போக்கும்” என்றார் எங்களுடன் வந்த முதிய நெசவாளி ஒருவர். விவசாய அன்பர்கள் அதனை ஆமோதித்தார்கள். மேலே விட்ட துணியால் மேலுள்ள மதகு அடைபட்டால் கடைமடையில் இருப்பவனுக்கே முதல் நஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நாம் செய்யக்கூடியவை

நதிக்கரையிலுள்ள சங்கங்கள் ஆண்டிற்கு ஒரு முறையேனும் இத்தகைய நடைப்பிரயாணத்தை ஏற்பாடு செய்தல் நலம். செலவு அதிகமில்லை. பேருந்துக் கட்டணமும், வனத்துறை நுழைவுக் கட்டணமும், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் புளியோதரையும் போதும். புறப்படும் முன்பே வனத்துறையினரிடம் அன்றைய நிலைமையைக் கேட்டறிய வேண்டும். கைத்தறித் துணிப்பை, பித்தளைத் தூக்கு, வழுக்காத காலணி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். கொண்டு போன எதையும் அங்கே விட்டுவரலாகாது.

மேல்மடைச் சங்கத்தார் நம் பக்கம் வந்து தென்காலையும் கடம்பாகுளத்தையும் பார்க்கும்படி நாம் அவர்களை அழைக்கலாம். நம் வறண்ட வாய்க்காலை ஒரு முறை கண்ணால் கண்டவர், தம் மதகைத் திறந்து மூடும்போது நம்மை நினைப்பார். நாமும் அவர்களுடைய காட்டையும் அருவியையும் பார்த்துவிட்டதால், மலையில் ஒரு மரம் வெட்டுண்டது என்ற செய்தியை இனி அயலூர்ச் செய்தியாகப் படிக்கமாட்டோம். வரும் பிசான அறுவடை முடிந்தபின், விருப்பமுள்ள அங்கத்தினர்கள் தம் பெயரைச் சங்க அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறோம்.