உழவும் நல்குரவும்

திருக்குறட் பொருட்பாலிலே உழவு என்னும் அதிகாரத்தை அடுத்து நிற்பது நல்குரவு. அதனை அடுத்து இரவு, அதன்பின் இரவச்சம். 104 ஆம் அதிகாரம் முதல் 107 ஆம் அதிகாரம் வரை உள்ள இவ்வடைவு தற்செயலாய் அமைந்ததென்று கூற எனக்கு மனம் வரவில்லை. உழாதவன் வறியனாவான், வறியன் இரப்பான் என்று அதற்கு இயைபு கூறுதல் எளிது. மாணவர் அவ்வாறு எழுதினால் பரீட்சையிலே புள்ளியும் கிடைக்கும். ஆயின், பாலமுனையிலே வாழ்ந்துகொண்டு இவ்வதிகாரங்களைப் பாடஞ் சொல்லும் எனக்கு அவ்விளக்கம் நிறைவு தருவதில்லை. உழாதவன் வறியனாதலில் வியப்பொன்றுமில்லை. உழுதவன் வறியனாதல் எங்ஙனம்?

வறுமை என்னும் சொல்லை நோக்குக. வறள், வறட்சி என்பனவற்றோடு அஃது ஓரினமாய் நிற்கின்றது. நீரற்ற நிலத்தைக் கண்டவர்களே இல்லாமைக்கு அப்பெயரை இட்டிருத்தல் வேண்டும். எங்கள் பகுதிக்கோ அது பொருந்துவதன்று. வடக்கே ஒலுவில், தெற்கே அட்டாளைச்சேனை, கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். 1949 ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையிலே ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கிற்று. 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பினின்றும் பிரிந்த அம்பாறை மாவட்டம் இலங்கையின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது. மாசி, பங்குனி மாதங்களில் வீதியோரமெங்கும் நெல் காயும். துவிச்சக்கர வண்டியிற் செல்பவர் அதன்மேல் ஏறாதபடி விலகி விலகிச் செல்லவேண்டும். அதே வீதியிலுள்ள சில்லறைக் கடையிலே, அதே நாட்களில், இரண்டு கிலோ அரிசியைக் கடன் கொப்பியில் எழுதுவித்து வாங்கிச் செல்லும் தாய்மாரையும் காணலாம்.

நாடு முழுவதற்கும் இக்கதை புதிதன்று. 1948 இல் விடுதலை பெற்றபோது, தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றின் ஏற்றுமதியால் இலங்கை ஆசியாவின் வசதி படைத்த நாடுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அத்தேயிலையைக் கொய்த மக்களோ லயன் காம்பராக்களில் முடங்கினர். அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1952 இல் இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கச் சீனத்தோடு உடன்படிக்கை செய்தோம். அடுத்த ஆண்டு பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனாநாயக்க சில வாரங்களிற் பதவி துறந்தார். 2019 இல் உலக வங்கி நம்மை மேல்நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் ஏற்றி, மறு ஆண்டே இறக்கிவிட்டது. 2021 இல் நூற்றுக்கு 13.1 ஆக இருந்த வறியோர் தொகை 2022 இல் 25 ஆயிற்று என்பதும் அவ்வங்கியின் கணக்கே. சராசரி என்பது ஒரு பொல்லாத சொல். போடியாரையும் கூலிக்காரனையும் அருகருகே நிறுத்தி இருவரையும் நடுத்தரமாக்கிவிடும்.

போடியார் என்றேன். கிழக்கிலங்கையார்க்கு விளக்கம் வேண்டா, பிறர்க்குச் சொல்வேன். பெருவயல்களின் உடைமையாளர் போடியார். வட்டையை மேற்பார்ப்பவர் வட்டவிதானையார். சேற்றிலே நின்றவர் முல்லைக்காரர். விதைநெல்லையும், விளையும் வரை உண்ணும் நெல்லையும் முல்லைக்காரர் போடியாரிடமே முன்கூட்டிப் பெறுவர். சூடடித்துப் பொலி குவிந்ததும் அவையெல்லாம் களத்திலேயே கழியும். எஞ்சியதே அவர் பங்கு. சிலபோது எஞ்சுவது அடுத்த போகத்துக்கான கடன் மட்டுமே. 1958 ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், விளைவில் நாலிலொன்று அல்லது ஏக்கருக்குப் பன்னிரண்டு புசல், இவற்றுட் குறைந்தது எதுவோ அதுவே குத்தகை என விதித்தது. நல்ல சட்டம். ஆனால் பல இடங்களிலே குத்தகையாளர் வயலினின்றும் வெளியேற்றப்பட்டமையே அதன் முதற்பயனாயிற்று. இன்று முல்லைக்காரர் என்னும் சொல் அருகிவிட்டது, குத்தகை அருகவில்லை.

நிற்க. நிலவுடைமை மட்டுமே காரணமென்றால் ஓரிரு ஏக்கர் சொந்தமாக உடையவர் பிழைத்திருக்கவேண்டும். அவரும் பிழைக்கவில்லை. ஏன் என்பதை அறிய எங்கள் ஊரின் ஆண்டுச் சக்கரத்தைக் காணல் வேண்டும்.

ஐப்பசியில் மழை விழும். பெரும்போக விதைப்புத் தொடங்கும். உழவு இயந்திரக் கூலி, விதைநெல், உரம், களைநாசினி யாவும் அம்மாதங்களிலேயே பணமாய் வேண்டப்படும். அதே காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்றாற் கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுப்போர்க்கும் தோணிக்காரர்க்கும் தொழிலிராது. வயலும் கடலும் ஒருங்கே கைவிடும் பருவம் அது. மனைவியின் காப்பும் மகளின் சங்கிலியும் அடகுக்கடைக்கும் வங்கிக்கும் செல்லும் பருவமும் அதுவே. அண்மைக் காலத்தில் நுண்கடன் என்ற பெயரில் கிழமைதோறும் வீட்டு வாசலுக்கே வந்து வசூலிக்கும் கடனும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. மாசியிலே கதிர் முற்றும். எல்லோரும் ஒரே கிழமையில் அறுப்பர். ஆதலின் நெல்லின் விலை அக்கிழமையிலேதான் மிகத் தாழ்ந்து நிற்கும். கடன்காரன் வாசலில் நிற்கையில் விலை ஏறும்வரை காத்திருத்தல் இயலுமா? காய்ந்தும் காயாததுமாகக் களத்திலேயே மூட்டை எடை பார்க்கப்படும். லொறிகள் பொலன்னறுவை போன்ற இடங்களிலுள்ள பேராலைகளை நோக்கிப் புறப்படும். நான்கு திங்கள் கழித்து அந்நெல் அரிசியாகி, அழகிய பையில் அடைபட்டு, எங்கள் கடைத்தெருவுக்கே திரும்பிவரும். விற்றவரே அதனை வாங்குவர். இடையிலுள்ள விலை வேறுபாடே அவர்தம் வறுமை.

1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைக்கப்பட்டது இந்நோய்க்கு மருந்தாகவே. ஆயினும், சபை கொள்முதல் தொடங்கும் நாளுக்கும் கடன் திருப்பவேண்டிய நாளுக்கும் இடையிலே சில கிழமைகள் பிந்துமாயின், மருந்து வருமுன் நோயாளி தனியாரிடம் சென்றுவிடுகின்றான்.

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1943 ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, 1981 இல் ஒரு நூல் எழுதினார். பஞ்சமில்லாத 1941 ஆம் ஆண்டைவிடப் பஞ்ச ஆண்டிலே உணவு குறைந்திருக்கவில்லை என்று அவர் காட்டினார். உணவு இருந்தது; அதனைப் பெறும் உரிமையும் ஆற்றலும் இலட்சக்கணக்கானோரிடம் இல்லாது போயின. எங்கள் ஊரிற் பஞ்சமில்லை. ஆனால் அவர் கூறிய முறையையே சிறிய அளவில் ஆண்டுதோறும் இங்கே காண்கின்றோம்.

இனி, பிற பகுதியார் அதிகம் அறியாத ஒன்றைச் சொல்லவேண்டும். இக்கரையோரத்திலே மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். ஆகவே ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தல் பெற்றோர் கடமையாயிற்று. பெண்ணுக்கென ஒரு கூரை உண்டு என்பதில் இவ்வழக்கத்திற்கு ஓர் அழகுமுண்டு. அதனை யான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பெண்களைப் பெற்றவர்க்கு மூன்று வீடுகள் வேண்டும். முதல் வீட்டுக்கு வயல் விற்கப்படுகின்றது. இரண்டாம் வீட்டுக்கு வாப்பா கடன்படுகின்றார். மூன்றாம் வீட்டுக்கு உம்மா விமானம் ஏறுகின்றாள்.

பள்ளியிலே மாணவர் விபரப் படிவம் நிரப்பும் நாளில் இதனைக் காணலாம். தாயின் தொழில் என்னுமிடத்திற் பிள்ளைகள் ‘வெளிநாடு’ என்று எழுதுவர். அது தொழிற்பெயரன்று, இடப்பெயர் என்று திருத்தக் கை எழுவதில்லை. வீட்டுப் பாடம் செய்யாது வரும் சிறுமி தம்பிக்குச் சோறாக்கிவிட்டு வந்திருப்பாள். பத்தாம் வகுப்பில் நன்றாகக் கவிதை எழுதிய ஒருவன் பதினோராம் வகுப்பில் கடைச் சிப்பந்தியாகிவிடுவான். இலவசக் கல்வி 1945 முதல் உண்டு. பிள்ளையின் நேரம் இலவசமாய் இல்லை.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 ஆம் ஆண்டிற் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் இருந்த வயது 23. அவருடைய பொறுப்பில் இருந்த குழந்தை இறந்தது. கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் நாள் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. மூதூரும் வயலும் கடலும் உடைய ஊரே. அக்கடவுச்சீட்டிலே ஆறு ஆண்டுகளைக் கூட்டிய கை எதுவாயினும், அதற்கு இடங்கொடுத்தது அவ்வீட்டின் வறுமை.

அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவாளோடு நின்றவர்க்கு வேலை குறைந்தது. ஏழைப் பெண்கள் கதிர் பொறுக்கும் வழக்கமும் அருகிற்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதற்கிடையே விதைத்தவர் பட்ட பாட்டை விரிப்பின் பெருகும்.

மழையால் விளைந்ததிற் பத்திலொன்றும், நீர்பாய்ச்சி விளைவித்ததில் இருபதிலொன்றும் வறியவர்க்குரிய ஸகாத் என்பதை இவ்வூரிற் சிறுவரும் அறிவர். அறுவடை முடிந்த நாட்களில் அந்நெல்லாற் பல வீடுகளில் அடுப்பெரிகின்றது. ஆனால் அதுவும் மாசியிலேயே வருவது. ஐப்பசியின் பசிக்கு அது எட்டுவதில்லை. முன்னர் 1995 இன் சமுர்த்தி வந்தது; இப்போது 2023 இன் அஸ்வெசும உதவி மாதந்தோறும் வருகின்றது, பெயர் பட்டியலில் இருந்தால். வீட்டின் நிலையும் அதில் நோக்கப்படுதலின், வெளிநாட்டுக் காசில் எழுந்த சீதன வீட்டுக்குள்ளே வெறுங்கையோடு இருப்பவள் தன் இல்லாமையை மெய்ப்பிக்கப் படாத பாடு படுகின்றாள்.

எங்கள் முன்னோர் வீடுகளில் நெற்பட்டறை இருந்தது. இப்போது கட்டப்படும் வீடுகளில் அதற்கு இடம் விடுவதில்லை. வைக்க நெல் இருந்தாலன்றோ இடம் வேண்டும்? ஊருக்கு ஒரு பொதுக் களஞ்சியமும், அங்கே வைத்த நெல்லை ஈடாகக்கொண்டு நான்கு மாதத்துக்குக் குறைந்த வட்டியிற் கடனும் கொடுத்தால், சிறு உழவன் பங்குனியில் விற்பதை ஆடியில் விற்பான். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இஃது இயலாத காரியமன்று. கட்டுவதற்கு ஒரு மண்டபமும், உலர்த்துவதற்கு ஒரு சீமெந்துக் களமும், திறப்பைக் கையில் வைத்திருக்க நம்பத்தக்க ஒருவரும் போதும். அடுத்த பெரும்போகத்துக்கு இன்னும் நாட்கள் உள்ளன.