குழாய் நீரும் குளோரினும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், கணக்குகளுக்கு அப்பாற்பட்ட வினாக்களும் நம்மை எதிர்கொள்வதுண்டு. நெசவாளர் சங்கமொன்றில் அங்கத்தினர் ஒருவர், "நூலை வெளுக்கும் பிளீச்சிங் பவுடரைத்தானே குடிநீரிலும் கலக்கிறார்கள்? நூலின் வலுவைக் குறைப்பது குடலைச் சும்மா விடுமா, ஐயா?" என்று வினவினார். அவர் வீட்டார் குழாய் நீரை விடுத்துப் பழைய கிணற்று நீரையே பருகி வருகின்றனராம். வினா நியாயமானதே, அவர் கண்ட முடிவுதான் அபாயமானது.

தூள் ஒன்றே என்பது மெய். 1799-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் டென்னன்ட் என்பவர் துணி வெளுப்பதற்காகவே இதற்கு உரிமை பெற்றார். அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் இடைவிடாது குளோரின் சேர்க்கத் தொடங்கியது 1908-ல்.

வேறுபாடு அளவில் உள்ளது. வெளுப்புத் தொட்டியில் குளோரின் லிட்டருக்குக் கிராம் கணக்கில் நிற்கும். குடிநீரிலோ மில்லிகிராம் கணக்கில், அதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் லிட்டர் நீருக்கு நல்ல தூள் சுமார் 2.5 கிராம் போதும். குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். குழாய் வெடிப்பின் வழியே சாக்கடை கசிந்தால் கிருமியைத் தடுக்கும் காவல் அந்த எச்சமே. 5 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுதும் பருகினும் தீங்கில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

அச்சத்திற்கு ஆதாரமே இல்லையென்று நாம் கூறவில்லை. நீரிலுள்ள இலை, தழை முதலியவற்றின் அழுகலோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் என்னும் பொருள்கள் உண்டாகும். இது 1974-ல் வெளியாயிற்று. அவற்றுக்கும் வரம்புகள் உள. நீரை முதலில் தெளியவைத்து வடிகட்டிப் பின்னர் குளோரின் இடுதலே இதற்குப் பரிகாரம். குளோரினையே நிறுத்தினால் வரக்கூடிய காலரா, டைபாய்டு ஆகியவற்றின் முன் இத்தீங்கு மிகச் சிறிது.

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை யாவை? வாடை பிடிக்காதோர் நீரைப் பிடித்து, துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்துப் பருகலாம். நெடி மிகுந்தால் தொட்டி இயக்குபவரிடம் தெரிவித்து, எஞ்சிய குளோரினைச் சோதிக்கச் சொல்லலாம். கிணற்று நீரையே நாடுவோர் கொதிக்கவைத்துப் பருகுதல் வேண்டும். உப்பையும் புளோரைடையும் குளோரின் நீக்காது என்பதையும் மறத்தலாகாது.

தறியில் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். குழந்தையின் உயிர் அத்தகையதன்று. கேள்வி கேட்பதை நிறுத்தவேண்டா; குழாயைக் கைவிடவும் வேண்டா.